ஒரே நஞ்சுக்கொடியில் இரண்டு குழந்தைகள்: இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 27. மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். முதல் கர்ப்பம், இப்போது 18 வாரம். இரட்டைக் குழந்தைகள் என்றும், இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி, தனித்தனிப் பனிக்குடம் என்றும் மூன்றாம் மாத ஸ்கேனிலேயே சொல்லிவிட்டார்கள். அறிக்கையில் ‘மோனோகோரியானிக் டைஅம்னியாட்டிக்’ என்று இருக்கிறது. இந்த வாரம் எடுத்த ஸ்கேனில் ஒரு குழந்தையின் பனிக்குட நீர் 6.1 செ.மீ., இன்னொரு குழந்தைக்கு 3.2 செ.மீ.; எடையில் 12 சதவீதம் வித்தியாசம்; இருவருக்கும் இதயத் துடிப்பு பதிவாகியிருக்கிறது. பிரசவம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இத்தனை ஸ்கேன் குழந்தைக்கு ஆகாது என்கிறார் மாமியார். இணையத்தில் தேடியபோது, ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று படித்தேன்; அன்றிலிருந்து தூக்கமில்லை. எனக்கு அந்த நோய் தொடங்கிவிட்டதா? சாப்பாட்டில் ஏதாவது மாற்ற வேண்டுமா? ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் மற்றதாவது தப்புமா? என் நாத்தனாருக்குச் செயற்கைக் கருத்தரிப்பில் இப்போது வயிற்றில் மூன்று குழந்தைகள். அதில் இரண்டுக்கு ஒரே நஞ்சுக்கொடியாம். அவருக்கும் இதே ஆபத்து உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளின்படி உங்களுக்கு அந்த நோய் இல்லை. பனிக்குட நீர் மிக ஆழமாக நிற்கும் இடத்தைச் செங்குத்தாக அளந்து எழுதுவதுதான் அந்த 6.1, 3.2 என்ற எண்கள். நோய் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பனிக்குடத்தில் அது 8 செ.மீ.க்கு மேலும், அதே நேரத்தில் மற்றொன்றில் 2 செ.மீ.க்குக் கீழும் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர இருந்தால்தான் அந்தப் பெயர். உங்கள் குழந்தைகளின் நீர் அளவுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும் இரண்டும் இயல்பு எல்லைக்குள்தான் இருக்கின்றன. எடையிலும் 25 சதவீதம் என்ற கோட்டை நெருங்கும்போதுதான் நாங்கள் கவலைப்படத் தொடங்குவோம். 12 சதவீத வித்தியாசம் இரட்டையரிடம் அன்றாடம் பார்ப்பது. ஆனால் இந்தப் பதில் இந்த வாரத்துக்கு மட்டுமே செல்லும். அடுத்த இரண்டு வாரத்துக்கு என்னாலோ உங்கள் டாக்டராலோ உறுதி கூற முடியாது என்பதால்தான் அவர் உங்களைத் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து உருவாகும் இரட்டையரில், பிரிவு முதல் மூன்று நாட்களுக்குள் நடந்துவிட்டால் இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி அமைகிறது. நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு; உங்கள் கர்ப்பம் இந்த வகை. அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றாகிவிடும். ஒரே கருமுட்டையிலிருந்து வரும் இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்பவர்கள். இரட்டை வாழைப்பழம் தின்றதால் வந்தது என்று உங்கள் ஊரிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். உலகம் முழுவதும் ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ நான்கு என்ற கணக்கில் தற்செயலாக நடக்கும் நிகழ்வு இது, வாழைப்பழத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நஞ்சுக்கொடி என்பது பல சிறு மடல்களின் தொகுப்பு. ஒவ்வொரு மடலுக்கும் குழந்தையிடமிருந்து ஒரு தமனி ரத்தத்தைக் கொண்டுவரும். தாயிடமிருந்து பிராணவாயுவும் ஊட்டமும் பெற்ற அந்த ரத்தத்தை ஒரு சிரை அதே குழந்தைக்குத் திருப்பி எடுத்துச்செல்லும். நஞ்சுக்கொடியை இருவர் பகிரும்போது, இருவரின் எல்லை சந்திக்கும் பகுதியில் சில மடல்கள் பொதுவாகிவிடுகின்றன. அங்கே ஒரு குழந்தையின் தமனி வழியாக வந்த ரத்தம் மற்ற குழந்தையின் சிரை வழியாக வெளியேறுகிறது. நீங்கள் டெல்டாவில் இருப்பவர் என்பதால் இதை மடை என்று சொன்னால் எளிதில் விளங்கும்: மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு நீர் இறங்கும், திரும்பி ஏறாது. இத்தகைய ஒருவழி இணைப்புகள் ஏறக்குறைய எல்லாப் பகிர்ந்த நஞ்சுக்கொடிகளிலும் உண்டு. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகப் பிறக்கிறார்கள். இரண்டு பக்கமும் போகிற வருகிற இணைப்புகள் ஏறத்தாழச் சமமாக இருப்பது ஒரு காரணம். தமனியும் தமனியும் நேரடியாக இணைந்து, இரு திசையிலும் ரத்தம் ஓடக்கூடிய ஒரு பெரிய குழாய் நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் இருந்து, ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டுவது இன்னொரு காரணம்.

இந்தச் சமநிலை தவறும்போது வருவதுதான் நீங்கள் படித்த ‘ட்வின் டு ட்வின் ட்ரான்ஸ்ஃபியூஷன் சிண்ட்ரோம்’. சுருக்கமாக டிடிடிஎஸ் என்பார்கள், தமிழில் இரட்டையர் இடையிலான ரத்தப் பரிமாற்ற நோய் என்று சொல்லலாம். நஞ்சுக்கொடியைப் பகிரும் 100 இரட்டைக் கர்ப்பங்களில் 10 முதல் 15 வரை இது ஏற்படுகிறது. பெரும்பாலும் 16 முதல் 26 வாரத்துக்குள். ரத்தத்தை இழக்கும் குழந்தையின் சிறுநீரகங்கள் நீரைச் சேமிக்கத் தொடங்குகின்றன. கர்ப்பத்தின் இந்தக் கட்டத்தில் பனிக்குட நீர் பெரும்பாலும் குழந்தையின் சிறுநீரே என்பதால், அதன் பனிக்குடம் வற்றி, சவ்வு உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனில் அக்குழந்தை கருப்பைச் சுவரில் ஒட்டவைத்ததுபோல் அசையாமல் தெரியும். ரத்தத்தைப் பெறும் குழந்தை அளவுக்கு மீறிச் சிறுநீர் கழித்துப் பனிக்குடத்தை நிரப்புகிறது. கூடுதல் ரத்தத்தை இறைத்து இறைத்து அதன் இதயம் தடித்து, ஒரு கட்டத்தில் தளர்ந்தும் போகிறது.

‘உறிஞ்சிவிடும்’ என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். எந்தக் குழந்தையும் எதையும் பறிப்பதில்லை. உறிஞ்சியதாகப் பழி சுமக்கும் குழந்தையின் இதயம்தான் பல நேரங்களில் முதலில் செயலிழக்கிறது. குறை நஞ்சுக்கொடியின் குழாய் அமைப்பில் இருக்கிறது. நீங்கள் உண்டதிலோ, வேலை செய்ததிலோ, படுத்த விதத்திலோ இல்லை. ஆகவே உணவை மாற்றி இதைத் தடுக்க முடியாது. இரட்டைக் கர்ப்பத்தில் ரத்தசோகை எளிதில் வருமாதலால் இரும்புச் சத்து மாத்திரையை விடாதீர்கள், பருப்பு, முட்டை, கீரை, மீன் எல்லாம் நன்றாகச் சாப்பிடுங்கள். அது உங்கள் உடலுக்காக. முழு ஓய்வில் படுத்துக் கிடப்பதாலும் இந்த நோய் வராமல் போகாது.

இனி ஸ்கேன் விஷயம். இந்த நோயின் தொடக்க நிலையில் தாய்க்கு எந்த அறிகுறியும் தெரியாது. வயிறு சில நாட்களில் திடீரென்று பெருத்து, தோல் இழுத்துப் பிடித்ததுபோல் இறுகி, மூச்சு வாங்குகிற நிலைக்கு வரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். முற்றிய நிலையில் சிகிச்சை இல்லாமல் விட்டால் பெரும்பாலும் இருவரையும் இழக்க நேரிடும். ஆகவே 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. ஐயம் எழுந்தால் வாரம் ஒருமுறை, சில நேரம் அதற்கும் குறைந்த இடைவெளியில். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண், உறவினர் வீட்டுத் திருமணம் என்று ஒரு ஸ்கேனைத் தள்ளிவைத்திருந்தார். நான்கு வார இடைவெளியில் எல்லாம் இயல்பு என்ற நிலையிலிருந்து, நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலைக்குப் போயிருந்தது. அந்தத் திருமணத்துக்கு அவர் போனதில் தவறேயில்லை. முந்தைய நாளே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம் என்பதைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மாமியாரின் அச்சம் அக்கறையில் பிறந்தது. அதைக் கேலி செய்ய வேண்டாம். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் ஒன்று என்று அவர் நினைத்திருக்கக்கூடும். இது காதுக்குக் கேட்காத ஒலி அலைகளால் எடுக்கப்படுவது. இதில் கதிர்வீச்சு கிடையாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மருத்துவர் இயன் டொனால்டு 1958இல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டதிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கர்ப்பிணிகளுக்குப் பயன்பட்டுவருகிறது. தேவையில்லாத ஸ்கேன் தேவையில்லைதான். உங்களுக்கு இது தேவை.

ஒவ்வொரு ஸ்கேனிலும் மூன்று விஷயங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்: இரு பனிக்குடங்களின் நீர் அளவு தனித்தனியாக, இருவரின் சிறுநீர்ப்பையும் தெரிந்ததா என்ற குறிப்பு, இருவரின் எடையும் வித்தியாசமும். 20 வாரத்துக்கு மேல் நான்காவதாக ஒன்றையும் கேளுங்கள்: மூளையின் நடுத் தமனியில் ரத்தம் பாயும் வேகம். இது எதற்கு என்பதைச் சொல்கிறேன். பகிர்ந்த நஞ்சுக்கொடியில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான, நூலினும் மெல்லிய இணைப்புகள் மட்டும் இருந்தால், ரத்தம் மிக மெதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கசியும். நீர் அளவுகள் இயல்பாகவே இருக்கும்; ஆனால் ஒரு குழந்தை வெளுத்து ரத்தசோகைக்கும், மற்றது ரத்தம் கெட்டியாகும் நிலைக்கும் போகும். இதற்கு டேப்ஸ் என்று பெயர். நெதர்லாந்தின் லைடன் நகர மருத்துவர்கள் 2006இல்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். 100இல் 3 முதல் 5 பேருக்கு, பெரும்பாலும் 26 வாரத்துக்குப் பிறகு, தானாகவே வருகிறது. நீரை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று அனுப்பிவிட்டால் இது தப்பிவிடும். ரத்தம் நீர்த்துப்போன குழந்தையின் மூளைத் தமனியில் வேகம் கூடும், கெட்டியான குழந்தையிடம் குறையும். ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் அந்த இடைவெளி தெரியும். இத்தகைய பிரசவங்களில் நஞ்சுக்கொடியைத் தட்டில் வைத்துப் பார்த்தால் பாதி வெளிறியும் பாதி அடர்சிவப்பாகவும் கோடு கிழித்ததுபோல் இருக்கும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது.

நஞ்சுக்கொடியைப் பகிர்வதால் வரக்கூடிய மற்ற இரண்டு சிக்கல்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். நஞ்சுக்கொடியில் ஒருவருக்குப் பெரிய பங்கும் மற்றவருக்குச் சிறிய பங்கும் அமைந்துவிட்டால் சிறியவரின் வளர்ச்சி பின்தங்கும். 25 சதவீதம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். இன்னொன்று, இதயமே உருவாகாத ஒரு கருவுக்கு மற்றக் குழந்தையே தன் இதயத்தால் ரத்தம் இறைத்துக்கொடுக்கும் மிக அரிய நிலை. ‘ஒரு குழந்தை இறந்துவிட்டது’ என்று முதல் ஸ்கேனில் எழுதப்பட்டு, பிறகு அது வளர்ந்துகொண்டே போவதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. உங்கள் இரு குழந்தைகளுக்கும் இதயத் துடிப்பு பதிவாகியிருப்பதால் இதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதே இல்லை.

டிடிடிஎஸ் வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாததுதான் தூக்கத்தைக் கெடுக்கும். இந்நோயை 1999இல் வகுக்கப்பட்ட குவின்டெரோ முறைப்படி ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறோம். நீர் ஏற்றத்தாழ்வு மட்டும் இருந்தால் முதல் நிலை. ரத்தம் இழக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பை தெரியாமல் போனால் இரண்டாம் நிலை. டாப்ளரில் ரத்த ஓட்டம் கடுமையாகக் கெட்டிருந்தால் மூன்றாம் நிலை. குழந்தையின் உடலில் நீர் கோத்துக்கொண்டால் நான்காம் நிலை. ஒருவரோ இருவருமோ இறந்துவிட்டால் ஐந்தாம் நிலை. முதல் நிலையில், தாய்க்குத் தொந்தரவு இல்லாமல் கருப்பை வாயும் நீளமாக இருந்தால், உடனே கை வைக்காமல் நெருக்கமாகக் கண்காணிப்பது உண்டு. இரண்டாம் நிலையிலிருந்து, 26 வாரத்துக்குள்ளாக, லேசர்தான் முதன்மையான சிகிச்சை.

தாயின் வயிற்றின் வழியே சில மில்லிமீட்டர் பருமனே உள்ள ஒரு குழல் கேமராவை நீர் மிகுந்த பனிக்குடத்துக்குள் செலுத்தி, நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் இணைப்புக் குழாய்களைத் தேடி ஒவ்வொன்றாக லேசரால் சுட்டு அடைப்பார்கள். மிகுதி நீரை வடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் ஜூலியன் டி லியா குழுவினர் 1990இல் இதை முதன்முதலாக வெளியிட்டபோது துணிச்சலான முயற்சி என்றே பார்க்கப்பட்டது. அதற்கு முன்பு நீரை மட்டும் திரும்பத் திரும்ப வடிப்பதே வழக்கம். இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2004இல் வெளிவந்தது: பிறந்து 28 நாள் வரை ஒரு குழந்தையாவது உயிரோடிருந்த கர்ப்பங்கள் லேசர் செய்தவர்களில் 76 சதவீதம், நீர் வடித்தவர்களில் 56 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் அந்த ஆய்வையே இடையில் நிறுத்திவிட்டார்கள். பின்னர், புள்ளி புள்ளியாக அடைப்பதோடு நிற்காமல் நஞ்சுக்கொடியின் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே கோடாகச் சுடும் சாலமன் முறை வந்தது. 2014இல் வெளியான ஆய்வில், லேசருக்குப் பிறகு டேப்ஸ் வருவது அந்த முறையால் 16 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. ஆனாலும் இது சிறிய சிகிச்சை அல்ல. பனிக்குடம் முன்கூட்டியே உடையலாம். குறைமாதப் பிரசவம் நேரலாம். இருவரில் ஒருவரை இழக்கவும் நேரலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இவற்றை உங்களிடம் வெளிப்படையாகப் பேசும் டாக்டரை நம்புங்கள்.

‘ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மற்றதாவது தப்புமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். கடினமான கேள்வி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நஞ்சுக்கொடி தனித்தனியாக இருந்தால் மற்றவருக்கு ஆபத்து குறைவு. பகிர்ந்திருக்கும்போது, ஒருவரின் இதயம் நின்ற கணத்தில், உயிரோடிருப்பவரின் ரத்தம் அழுத்தம் குறைந்த அந்தப் பக்கம் இணைப்புகள் வழியே வேகமாக இறங்கிவிடும். அதனால் மற்றவரும் இறக்கும் வாய்ப்பு 100இல் ஏறத்தாழ 15. பிழைப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மூளைப் பாதிப்பு. அந்தச் சேதம் நேர்வது சில நிமிடங்களில் என்பதால், அவசர அவசரமாக அறுவை செய்து குறைமாதக் குழந்தையை எடுப்பது பெரும்பாலும் உதவாது. ரத்தசோகை இருக்கிறதா என்று டாப்ளரில் பார்த்து, சில வாரங்கள் கழித்து மூளைக்கு எம்ஆர்ஐ எடுப்பதே வழக்கம். லேசர் இந்த இணைப்பைத் துண்டித்துவிடுவதால் ஒருவரை இழந்தாலும் மற்றவருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது என்பதும் அந்தச் சிகிச்சையின் பயன்களில் ஒன்று.

உங்கள் நாத்தனாருக்கு: மூன்றில் இரண்டு குழந்தைகள் நஞ்சுக்கொடியைப் பகிர்ந்தால், அந்த இருவருக்கும் மேலே சொன்ன எல்லாமே பொருந்தும், தனி நஞ்சுக்கொடியுள்ள மூன்றாமவருக்கு இந்தப் பரிமாற்றம் நேராது. ஆனால் மற்ற இருவரால் பனிக்குட நீர் பெருகி பிரசவ வலி முன்கூட்டி வந்தால் அவரும்தான் குறைமாதத்தில் பிறப்பார். ஆகவே அவருக்கும் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டும். எந்தக் குழந்தை எது என்பதை, கருப்பையில் அவரவர் இருக்கும் இடத்தையும் நஞ்சுக்கொடியையும் வைத்து, முதல் ஸ்கேனிலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மூன்று பேரில் பெயர் மாறிப்போனால் அளவுகளை ஒப்பிடுவதே வீணாகிவிடும். ஒரு நஞ்சுக்கொடியை மூவரும் பகிர்வது மிக அரிது. அப்படி இருந்தால் எந்த இருவருக்கிடையிலும், மூவருக்கிடையிலும்கூட இந்த ஏற்றத்தாழ்வு வரலாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை. லேசர் எல்லா ஊரிலும் செய்யப்படுவதில்லை. கரு மருத்துவத்தில் தனிப்பயிற்சி பெற்றவர்கள் உள்ள மையங்களில் மட்டுமே உண்டு. உங்கள் டாக்டரிடம், ‘தேவைப்பட்டால் எங்கே அனுப்புவீர்கள்?’ என்று இன்றே கேட்டு, அந்த மையத்தின் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை என்றால் உங்களுக்கு ஓர் இரவுப் பயணம். அன்றைக்கு இடம் தேடி அலையக்கூடாது. எல்லா அறிக்கைகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். வயிறு சில நாட்களுக்குள் வேகமாகப் பெருத்தாலோ, இறுகினாலோ, படுக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நீர்க்கசிவு, ரத்தக்கசிவு, விட்டுவிட்டு வலி இருந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். எல்லாம் நல்லபடியாகப் போனாலும் 36 வாரத்தையொட்டிப் பிரசவத்தைத் திட்டமிடுவார்கள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையாக இப்போதே பார்த்து வையுங்கள்.

அடுத்த ஸ்கேன் உங்களுக்கு 20ஆம் வாரத்தில் வருகிறது. முடிந்தால் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். இருவருக்கும் நடுவே தெரியும் மெல்லிய சவ்வையும், இரண்டு குழந்தைகளின் சிறுநீர்ப்பைகளையும் திரையில் காட்டும்படி டாக்டரிடம் கேளுங்கள். கறுத்த சிறு வட்டங்களாக இரண்டும் தெரியும்.